தாமதமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

வங்கிக் கிளையின் மேலாளர் அறைக்கு வருகிறவர்கள் பணத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. முதிர்வுக்கு முன்பே வைப்புத்தொகையை முடித்துக்கொள்ள வருகிறவரிடம் காரணம் கேட்டால், ஒரு குடும்பத்தின் கதையே வெளியே வரும். பாலக்காட்டின் கிழக்கு எல்லையிலும் இடுக்கியின் மலைகளிலும் பணியாற்றிய ஆண்டுகளில் அவ்வாறு கேட்ட இரண்டு கதைகளை, ஓய்வுபெற்ற பிறகும் என்னால் மறக்க முடியவில்லை. இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை. நடந்த விதத்தில் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

முதலாமவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். அப்போது அவருக்கு வயது 68. உடல் பரிசோதனை ஒன்றில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பது தெரிந்திருந்தது. "ஒரு வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும் தம்பி. வைப்புத்தொகையை முடிச்சுக் குடுங்க. பத்தாததுக்குக் கிணத்தடி நிலத்துக்கும் ஆள் பார்த்தாச்சு" என்றார். அந்த ஒரு வாரக் கெடுவை வைத்தது மருத்துவர் அல்லர்; புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டு நடுங்கிய குடும்பத்தினரே. வைப்புத்தொகையை முடிக்காமல் அதன் பேரில் கடன் பெறலாம் என்றும், நிலத்தை விற்கும் முன் இன்னொரு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றும் சொன்னேன். கோவைக்குச் சென்று கேட்டார்கள். நோய் மிகச் சிறிய அளவில், வேகம் குறைந்த வகையாக இருந்ததால், கண்காணித்து வந்தால் போதும் என்று அங்கே முடிவாயிற்று. ஒன்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அறுவைச் சிகிச்சை இன்றுவரை தேவைப்படவில்லை. நிலமும் கைவிட்டுப் போகவில்லை.

இரண்டாமவர் மூணாறு மலையில் எஸ்டேட் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இரவில் ஐந்தாறு முறை எழுந்து சிறுநீர் கழித்து வந்ததை, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டார். பிறகு இடுப்பு வலி வந்தது. தைலம், கட்டு, ஊசி என்று எட்டு மாதங்கள் சென்றன. லயத்தின் இரண்டு அறைகளில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வாழ்ந்தவருக்குச் சிறுநீர்க் கோளாற்றைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். ஒருநாள் காலையில் கால்கள் எழவில்லை. அதன் பிறகே புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்பு வரை பரவியிருப்பது தெரிந்தது. சிகிச்சையால் கைத்தடியோடு நடக்கும் அளவுக்குத் தேறினார். மூன்றரை ஆண்டுகள் வாழ்ந்தார்.

முதலாமவர் அவசரத்தால் இழக்கவிருந்தார். இரண்டாமவர் தாமதத்தால் இழந்தார். இந்த நோயைப் பொறுத்தவரை நம் குடும்பங்கள் இழைக்கும் பெரும் பிழைகள் இவை இரண்டுமே என்பது என் கருத்து. நோய் தெரிவதற்கு முன் மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கிறோம். தெரிந்த பின் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. அறிந்துகொள்வதில் விரைவும், சிகிச்சையைத் தேர்வதில் நிதானமும் வேண்டும். நான் மருத்துவன் அல்லன். ஆயினும், முதலீடு செய்யும் முன் பத்துக் கேள்வி கேட்கப் பழகிய வாடிக்கையாளர்கள் இந்த முடிவிலும் அதே பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும் என்பதற்காக, கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, ஏறக்குறைய ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி புராஸ்டேட். ஆண்களுக்கு மட்டுமே உள்ளது. வயதாக ஆக அது பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குவது இயல்பு. அது புற்றுநோய் அன்று. சிறுநீர் அடிக்கடி வருவதும், தடைப்பட்டு வருவதும் பெரும்பாலும் அந்த வீக்கத்தினால்தான். புற்றுநோயோ தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கக்கூடும். ஆகவே, சிறுநீர்க் கோளாறு உள்ளவர்கள் எல்லோரும் அஞ்சவும் வேண்டியதில்லை. கோளாறு இல்லாதவர்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 38 ஆயிரம் ஆண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுவதாக 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. ஆயுள் கூடும்போது எண்ணிக்கையும் கூடும். 2020இல் உலக அளவில் 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகளின் எண்ணிக்கை 2040இல் 29 லட்சமாக உயரும் என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் கணித்தது. முதியோர் விகிதம் அதிகமாக உள்ள கேரளத்துக்கு இது தொலைவில் நிற்கும் செய்தி அன்று.

பி.எஸ்.ஏ. என்ற எண்

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனை இன்று சிறிய ஊர்களிலும் கிடைக்கிறது. பொதுவாக 4 என்ற அளவைத் தாண்டினால் எச்சரிக்கை என்பார்கள். ஆனால் சுரப்பி வீக்கம், சிறுநீர்த் தொற்று, அண்மையில் சிறுநீர்க் குழாய் பொருத்தியது ஆகியவற்றாலும் அந்த அளவு ஏறும். 4 முதல் 10 வரை உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. மறுபுறம், சுரப்பி வீக்கத்துக்காக ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காட்டும். அவர்களுடைய 3 உண்மையில் 6 ஆக இருக்கலாம். பரிசோதனைக்குப் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு போவது இதனால்தான் அவசியமாகிறது.

எல்லோரும் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா? மருத்துவ உலகமே இதில் பலமுறை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பரிந்துரைக் குழு 2012இல் இது வேண்டாம் என்றது. 2018இல், 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் மருத்துவருடன் பேசித் தாமே முடிவு செய்யலாம் என்றும், 70 வயதுக்கு மேல் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்றும் திருத்தியது. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் ஒரு லட்சத்து 62 ஆயிரம் ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் இந்நோயால் நிகழ்ந்த மரணங்கள் 13 விழுக்காடு குறைந்திருந்தன. வேறு விதமாகச் சொன்னால், 456 பேரை அழைத்தால் ஒருவருடைய மரணம் தவிர்க்கப்படுகிறது. இது பயனுள்ளதே, ஆனால் அற்புதம் அன்று. தேவையற்ற கண்டுபிடிப்புகளும் தேவையற்ற அறுவைகளும் அதன் மறுபக்கமாக உள்ளன.

எனவே, முகாம் போட்டு எண்பது வயதுப் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் ரத்தம் எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் 50 வயதைக் கடந்த ஒவ்வோர் ஆணும் மருத்துவரிடம் ஒருமுறையேனும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்நோய் இருந்திருந்தால், அல்லது தாய்வழியிலோ தந்தைவழியிலோ மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், அந்தப் பேச்சு 45 வயதிலேயே நடக்க வேண்டும். கேரள அரசு 2025 பிப்ரவரி 4 அன்று தொடங்கிய புற்றுநோய்த் தடுப்பு இயக்கம் பெண்களின் மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்களை முதலில் எடுத்துக்கொண்டது. அது சரியான தொடக்கமே. பெண்கள் கூச்சத்தை விட்டு முன்வந்த பின்னும் ஆண்கள் வாய் திறக்காமல் இருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வயது எதுவாயினும், காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. வாரக்கணக்கில் தீராத, இரவிலும் விடாத முதுகு அல்லது இடுப்பெலும்பு வலி, சிறுநீரில் ரத்தம், காரணமில்லாத உடல் மெலிவு ஆகியவை வந்தால் தைலத்தோடு நின்றுவிடலாகாது. முதுகு வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனாலோ, அது தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். அதில் மணிக்கணக்கு முக்கியம். நடக்க முடிகிறபோதே சிகிச்சை தொடங்கினால் நடை தப்பும். மலையில் வசிக்கிறவர்கள் பொழுது விடியட்டும், மழை நிற்கட்டும், மகன் லீவில் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாத தருணம் அது.

கண்டறிந்த பின் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பி.எஸ்.ஏ. உயர்வு மட்டுமே புற்றுநோய் என்று பொருளாகாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், ஊசியால் சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பயாப்சியும்தான் உறுதி செய்யும். உறுதியான பின் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த மருத்துவமனையில் எவ்வளவு செலவாகும் என்பதன்று. மூன்று கேள்விகள் அதற்கு முன் நிற்கின்றன.

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே கசிந்திருக்கிறதா, எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்பது முதலாவது. அதன் வேகம் என்ன என்பது இரண்டாவது. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் கிளீசன் 1960களில் வகுத்த மதிப்பெண் முறைதான் இன்றும் இதற்கு அடிப்படை. கிளீசன் 6 என்றால் மிக மெதுவான வகை, 7 இடைநிலை, 8 முதல் 10 வரை வேகமானது. நோயாளியின் வயதும் மற்ற உடல்நிலையும் எப்படி என்பது மூன்றாவது. இதய நோயும் சர்க்கரையும் உள்ள எண்பது வயதுக்காரருக்கும், நலமாக உள்ள ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே கிளீசன் எண் ஒரே பொருளைத் தருவதில்லை.

இந்த மூன்று விடைகளும் ஒரு தாளில் எழுதப்படும் வரை எந்தச் சொத்தையும் விற்க வேண்டாம். எந்தத் தேதிக்கும் சம்மதிக்க வேண்டாம். தண்டுவடம் அழுத்தப்படுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது போன்ற அவசர நிலைகள் இதற்கு விலக்கு. மற்றபடி, சுரப்பிக்குள் அடங்கிய நோயில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்கச் சில வாரங்கள் எடுத்துக்கொள்வதால் பொதுவாகத் தீங்கு நேர்வதில்லை.

மூன்று வழிகளும் ஒரு பெரிய ஆய்வும்

சுரப்பிக்குள் அடங்கிய நோய்க்கு முதன்மையான வழிகள் மூன்று: கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு. எது மேலானது என்று அறிய, பிரிட்டனில் 50 முதல் 69 வயது வரையிலான 1,643 ஆண்களை மூன்று குழுக்களாகப் பிரித்துப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 2023இல் வெளியான அதன் முடிவை நம் ஊர்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். பதினைந்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர். கண்காணிப்புக் குழுவில் 17, அறுவைக் குழுவில் 12, கதிர்வீச்சுக் குழுவில் 16. அதாவது, எந்த வழியில் சென்றாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் இந்நோயால் இறக்கவில்லை.

இதைச் சிகிச்சையே வேண்டாம் என்று பொருள்கொள்வது தவறு. கண்காணிக்கப்பட்டவர்களில் 9.4 விழுக்காட்டினருக்கு நோய் பரவியது. மற்ற இரு குழுக்களிலும் அது 5 விழுக்காடு அளவில் இருந்தது. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 விழுக்காட்டினர் பிற்பாடு ஏதோ ஒரு கட்டத்தில் அறுவையோ கதிர்வீச்சோ பெற்றார்கள். ஆகவே கண்காணிப்பு என்பது கைவிடுதல் ஆகாது. குறித்த மாதங்களில் பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., மறு பயாப்சி என்று ஒழுங்காக நடக்க வேண்டிய வேலை அது. தவணை தவறாமல் வரக்கூடியவருக்கே அது பொருந்தும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தொடக்க நிலையில் கண்டறியப்பட்டவர்கள். கிளீசன் 8, 9 என்று வருகிறவர்களுக்கு அந்த ஆறுதல் செல்லாது. அவர்களுக்குச் சிகிச்சை உடனே தேவை. பெரும்பாலும் கதிர்வீச்சோடு ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் வரை ஹார்மோன் சிகிச்சையும் சேர்த்துத் தரப்படும்.

உயிர் பிழைப்பதில் பெரிய வேறுபாடு இல்லையென்றால், தேர்வை முடிவு செய்வது பக்க விளைவுகளே. அதே ஆய்வில் பன்னிரண்டாம் ஆண்டில், அறுவை செய்துகொண்டவர்களில் 24 விழுக்காட்டினர் சிறுநீர்க் கசிவுக்காகப் பஞ்சுப்பட்டை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கண்காணிப்புக் குழுவில் அது 11, கதிர்வீச்சுக் குழுவில் 8 விழுக்காடு. மலக் கசிவு கதிர்வீச்சுக் குழுவில் 12 விழுக்காடாக, மற்றவற்றைப் போல் இரு மடங்காக இருந்தது. தாம்பத்திய வாழ்வை மூன்று வழிகளுமே வெவ்வேறு அளவில் பாதித்தன. அறுவை அதிகமாகப் பாதித்தது. இவற்றை மருத்துவரிடம் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மனைவியும் உடன் இருந்து கேட்க வேண்டும். பிற்பாடு இருவருமே அதோடு வாழ வேண்டியவர்கள்.

பரவிய பின்னும் வழி உண்டு

நோய் சுரப்பியிலோ அதன் அருகிலோ இருக்கும்போது கண்டறியப்பட்டவர்களின் ஐந்தாண்டு வாழ்வு விகிதம் அமெரிக்கக் கணக்கின்படி 99 விழுக்காட்டுக்கு மேல். தொலைவில் பரவிய பின் கண்டறிந்தால் அது சுமார் மூன்றில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. இந்தியாவில் கணிசமானோர் இந்த இரண்டாம் நிலையில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். தாமதத்தின் விலை இதுதான்.

ஆயினும் பரவிவிட்டது என்றால் எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவது பெரும் பிழை. இந்நோய்க்கு உணவு ஆண்மை ஹார்மோன் என்பதை சார்லஸ் ஹக்கின்ஸ் 1941இல் சிகாகோவில் நிறுவினார். அதற்காக 1966இல் நோபல் பரிசு பெற்றார். அந்த ஹார்மோனைத் தடுப்பதே இன்றும் அடிப்படைச் சிகிச்சை. மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போடலாம். அல்லது விரைகளைச் சிறிய அறுவையில் நீக்கிவிடலாம். அதோடு அபிராடெரோன் மாத்திரையையும் தொடக்கத்திலேயே சேர்த்தால் ஆயுள் நீள்கிறது என்று 2017இல் வெளியான இரு பெரிய ஆய்வுகள் காட்டின. அவற்றுள் ஒன்றின் இறுதிக் கணக்கில், பாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 36.5 மாதங்களிலிருந்து 53.3 மாதங்களாக உயர்ந்தது. டோசிடாக்செல் மருந்தைத் தொடக்கத்திலேயே சேர்த்த மற்றோர் ஆய்வில் 44 மாதங்கள் 57.6 ஆயின. அபிராடெரோன் இன்று பொது மருந்தாக இந்தியாவில் தயாராவதால் விலையும் முன்புபோல் எட்டாத உயரத்தில் இல்லை. கேரள அரசு 2024 ஆகஸ்டில், புற்றுநோய் மருந்துகளை லாபமின்றி விற்கும் பிரிவுகளைக் காருண்யா மருந்தகங்களில் மாவட்டத்துக்கு ஒன்றாகத் தொடங்கியது. வெளிக்கடையில் வாங்கும் முன் அங்கே விலையைக் கேட்பது நல்லது.

உலகம் அறிந்த மூவரை நினைத்துப் பார்க்கலாம். நெல்சன் மண்டேலாவுக்கு 2001இல், 83 வயதில் இந்நோய் கண்டறியப்பட்டு ஏழு வாரங்கள் கதிர்வீச்சுத் தரப்பட்டது. அவர் 95 வயது வரை வாழ்ந்தார். பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவுக்கு 1997இல் கண்டறியப்பட்டது. அவர் மறைந்தது 2021இல், 90 வயதில். அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கோ 2025 மே மாதத்தில், 82 வயதில், கிளீசன் 9 என்ற வேகமான வகை எலும்புக்குப் பரவிய நிலையில் தெரியவந்தது. அவர் கடைசியாகப் பி.எஸ்.ஏ. பார்த்தது 2014இல் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். ஒரே பெயருடைய நோய் மூவரிடம் மூன்று விதமாக நடந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்ததை நமக்கும் செய்ய வேண்டும் என்று கேட்பது எவ்வளவு பொருந்தாதது என்பதை இது உணர்த்தும்.

எல்லையில் வாழ்வோரின் கணக்கு

பெருநகரத்து நோயாளிக்கு இல்லாத மூன்று கணக்குகள் நமக்கு உண்டு: தூரம், மொழி, மாநில எல்லை.

தூரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். மூணாறிலிருந்து கொச்சி சுமார் 130 கிலோமீட்டர். குமுளியிலிருந்து மதுரை ஏறக்குறைய அதே தொலைவு. கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். அதாவது அங்கேயே தங்க வேண்டும். முன்பு 37 முறை, ஏழரை வாரங்கள் தந்துவந்த கதிர்வீச்சை 20 முறையில், நான்கு வாரங்களில் தந்தாலும் பலன் குறைவதில்லை என்று பிரிட்டனில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு 2016இல் காட்டியது. எனக்குக் குறுகிய கால முறை பொருந்துமா என்று கேளுங்கள். மூன்று வார அறை வாடகையும் துணைக்கு வருபவரின் கூலி இழப்பும் மிச்சமாகும். அதேபோல, காலமெல்லாம் ஊசிக்காக மலையிறங்க முடியாத முதியவருக்கு ஒரே முறையில் முடியும் விரை நீக்கம் பொருத்தமாக இருக்கலாம். ஊசி நின்றுபோனால் நோய் மீண்டும் தலைதூக்கும். அறுவையில் அந்த அச்சமில்லை. ஆனால் அது அவருடைய மனம் ஒப்பிச் செய்ய வேண்டியது. செலவைக் காட்டிப் பிள்ளைகள் திணிக்க வேண்டியதன்று. ரயிலில் செல்பவர்களுக்கு, சிகிச்சைக்கும் மறு பரிசோதனைக்கும் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணச் சலுகையும், துணை வருபவருக்கு 75 விழுக்காடு சலுகையும் உண்டு. மருத்துவமனையின் சான்றிதழ் தேவை. இடுக்கியில் ரயில் இல்லாவிட்டாலும், போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் வருகிறது.

அடுத்தது மொழி. 1956இல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட பின்னும் சித்தூர், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழ் பேசுவோர் பெருந்திரளாக வாழ்கிறார்கள். அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுத்துத் தொடர்பு கொள்ளக் கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் அறுவைக்கு முன் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் பலருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது. கடன் பத்திரத்தை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று வங்கியில் எங்களுக்குக் கற்பித்தார்கள். வீட்டின் பேரில் வாங்கும் கடனுக்கு உள்ள அந்த மரியாதை, உடலின் பேரில் எடுக்கும் முடிவுக்கும் வேண்டும். தமிழர் அதிகமாக வரும் மருத்துவமனைகள், இந்நோயின் மூன்று வழிகளையும் அவற்றின் பக்க விளைவுகளையும் இரண்டு பக்கங்களில் தமிழில் அச்சிட்டுத் தரலாம். அதற்குப் பெரிய செலவில்லை.

மூன்றாவது, மாநில எல்லை. ரேஷன் அட்டை கேரளத்தில், மகன் வீடு கோவையிலோ தேனியிலோ என்பது இங்கே சாதாரணம். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தமிழகத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அம்மாநில ரேஷன் அட்டையைச் சார்ந்தது. மத்திய அரசின் ஆயுஷ்மான் பயனாளி நாட்டின் எந்த மாநிலத்திலும் அத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையை நாடலாம். 2024 அக்டோபரில் அது வருமான வரம்பின்றி 70 வயதைக் கடந்தவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. நடைமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், எந்த அட்டை எந்த மருத்துவமனையில் செல்லும் என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், தலச்சேரியின் மலபார் புற்றுநோய் மையம், சென்னை அடையாறில் 1954 முதல் இயங்கும் புற்றுநோய் நிலையம் ஆகியவற்றில், செலவைக் கேட்டறிய ஒருமுறையேனும் போய் வருவது வீண் போகாது.

பணத்தைப் பற்றி ஒரு பழைய வங்கிக்காரனாகச் சில சொற்கள். வைப்புத்தொகையை முடிக்கும் முன் அதன் பேரில் கடன் பெற முடியுமா என்று கிளையில் கேளுங்கள். கணக்கில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா, கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கும்படி கணக்கு உள்ளதா என்பதை நலமாக இருக்கும்போதே பாருங்கள். காப்பீடு எடுக்க 65 வயது வரம்பு என்பது 2024 ஏப்ரலிலிருந்து இல்லை. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்றாண்டுகளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நோய் தெரிந்த பின் அதை மறைத்துக் காப்பீடு எடுப்பது, தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. மருத்துவ ரசீதுகளை ஒரு கோப்பில் தேதிவாரியாக வையுங்கள். காப்பீட்டுக்கும் வருமான வரிக் கழிவுக்கும் அவைதான் சான்று. பயாப்சி அறிக்கையும் பி.எஸ்.ஏ. அளவுகளும் அதே கோப்பில் இருக்கட்டும். இரண்டாவது மருத்துவரின் நேரமும் உங்கள் பணமும் மிச்சமாகும்.

குணப்படுத்த முடியாத நிலையிலும் வலியின்றி வாழும் உரிமை உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் சிறு அளவில் தொடங்கிய வலிநீக்கப் பராமரிப்பு, மாநிலம் முழுவதும் பரவி, 2008இல் கேரளத்தின் அரசுக் கொள்கையாகவே ஆனது. இந்தியாவில் அப்படியொரு கொள்கையை முதலில் வகுத்த மாநிலம் கேரளம். ஊராட்சியின் பராமரிப்புச் செவிலியர் வீடு தேடி வருவார். மூணாற்றுப் பெரியவரின் கடைசி ஆண்டில், லயத்துக்கே வந்த அந்தச் செவிலியர்தான் அவருடைய வலியைத் தாங்கக்கூடியதாக ஆக்கினார் என்று அவர் மகன் என்னிடம் சொன்னார். "அப்பா அந்த எட்டு மாசத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா" என்று அந்தப் பேச்சைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

உங்கள் வீட்டில் 50 வயதைக் கடந்த தந்தையோ, மாமனாரோ, அண்ணனோ இருந்தால் இந்த வாரமே கேளுங்கள்: இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், இடுப்பில் வலி உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? அவர் கூச்சப்பட்டால் நீங்களே உடன் சென்று மருத்துவரைப் பாருங்கள். ஒருவேளை நோய் என்று தெரிந்தால், அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்கும் வரை நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.